ஹம்சினியின் ஃபோல்டருக்கு வெளியே

அத்தியாயம் பதினான்கு

திருச்சியிலிருந்து போன் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பேசியது குருபிரசாத்தின் அப்பா. எடுத்தது அவன் மாமனார் பட்டாபிராமன். "வருஷம் முடிஞ்சதும் பையனை இங்க அனுப்பி வையுங்கோ" என்ற ஒரு வரி ரிசீவரைத் தாண்டிக் கூடம் வரை கேட்டது. குரு அப்போது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். காதில் விழாதவன் போலக் கால் கழுவப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் வீடு வழக்கம்போல நடந்தது. பட்டாபிராமன் பேப்பர் படித்தார். மாமியார் சுப்புலக்ஷ்மி சமைத்தாள். குரு சாப்பிட்டான். மூன்று பேருக்கும் நடுவில் அந்த ஒரு வரி, யாரும் எடுத்து வைக்காத எச்சில் தட்டு மாதிரி கிடந்தது.

மனைவி இறந்துபோன பிறகு மாமனார் வீட்டில் ஒருவன் எத்தனை நாள் இருக்கலாம்? லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் மாமிகள் கேட்கிற கேள்விதான். குருவிடம் ஒரு பதில் இருந்தது. அது அவன் மனைவி ஹம்சினியின் அறையில், மேஜைமேல், இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டர். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஹம்சினியால் சால்ட் லேக் ஆபீஸ் வரை போய்வர முடியவில்லை. ஆபீஸே மெஷினை வீட்டுக்கு அனுப்பியது.

கணவன் மனைவி இருவருக்கும் அந்தக் கம்பெனியில்தான் வேலை. துறைமுகத்துக் கிரேன்களில் பொருத்தும் ஒரு பெட்டியைச் செய்தார்கள். கொக்கியில் எத்தனை டன் தொங்குகிறது என்று அது காட்டும். அளவு மீறினால் அலறும். பெட்டிக்குள் ஓடும் நிரலை, ஃபர்ம்வேரை, எழுதியது குரு. அதைக் கட்டிச் சேர்த்து, பெட்டியில் ஏற்றுகிற பக்குவத்துக்குக் கொண்டுவரும் கருவிகளைப் பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதியது ஹம்சினி. எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள், ஒரே மெஷினில். அவன் சோறு, அவள் அடுப்பு.

அவள் போய்ப் பதினோரு மாதம். இன்றுவரை எந்தக் கிரேனுக்கு என்ன மாற்றம் வந்தாலும், குரு ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, அந்த மெஷினில் கட்டி, பென் டிரைவில் போட்டு மறுநாள் எடுத்துப் போவான். ஒரு நாள் முழுக்கக் கிரேன் சும்மா நிற்கும்.

வங்காளி மேலதிகாரி சுதேஷ்ணாதி எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "குரு, ஹம்சினியோட கருவிகளைத் தனியாப் பிரிச்சு ஒரு பைத்தான் பேக்கேஜா பண்ணு. எந்த மெஷின்லயும் ஏத்திக்கிற மாதிரி. ஒரு வீட்டை நம்பி ஒரு கம்பெனி ஓட முடியாது."

பண்ணிவிட்டான். இன்று வெள்ளிக்கிழமை. கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கிரேனுக்குப் புதுக் கம்பி வடம் போட்டிருக்கிறார்கள். அங்கேயே, அங்கிருக்கும் லேப்டாப்பிலேயே கட்டி ஏற்ற வேண்டும். அது நடந்துவிட்டால் இந்த மெஷின் ஆபீசுக்குத் திரும்பும்.

மெஷின் போனால் குருவின் பதிலும் போகும்.

"இன்னிக்குத்தானா?" சுப்புலக்ஷ்மி காப்பி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்குத்தான் மாமி."

"அங்க சரியா வந்துடுத்துன்னா?"

"மெஷினை எடுத்துண்டு போயிடுவா."

"வரலேன்னா?"

"இங்கயே இருக்கும்."

அவள் அவனைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்தாள். "எதுக்கு வேண்டிக்கணும்னு சொல்லிட்டுப் போ. பாவம், பிள்ளையார் குழம்பிடுவார்."

குருவுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. காப்பியைக் குடித்தான். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. இந்தப் பதினோரு மாதமாக இப்படித்தான்.

பட்டாபிராமன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போவதானாலும் பத்து நிமிஷம் முன்னால் புறப்படுகிறவர்.

"வாத்தியாரைப் பாத்துட்டு வரேன். ஹம்சியோட வருஷாப்திகத்துக்கு நாள் குறிக்கணும். அப்படியே இன்னும் ஒரு வேலை இருக்கு. சாயங்காலம் ஆகும்."

"என்ன வேலை மாமா?"

"சொல்றேன், சொல்றேன்." மனைவியை ஒரு தரம் பார்த்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே.

*

கிடர்பூருக்கு மினிபஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. குரு ஜன்னல் ஓரத்தை விட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்தான். ஜன்னல் ஓரம் காலியாகவே இருந்தது. மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு பெரியவர், "தள்ளி உக்காரேன் பாபா" என்று வங்காளியில் அதட்டினார். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, இன்னும் ஹம்சினிக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறான் என்று. தள்ளி உட்கார்ந்தான்.

கப்பல் நிற்கும் ஜெட்டி மேடையில் மாரியப்பன் காத்திருந்தான். கம்பெனியின் சைட் எஞ்சினியர். அப்பா ரயில்வே, பிறந்து வளர்ந்தது கார்டன் ரீச் குவார்ட்டர்ஸ். தமிழில் ஆரம்பித்து வங்காளியில் கோபப்படுவான்.

"வாங்க சார். பன்னண்டு மணிக்கு கிரேனை நிறுத்தியாச்சு. நாலு மணிக்குக் கப்பல் சரக்கு இறங்கணும். அதுக்குள்ள முடியலன்னா ஜெட்டிக்காரர் என்னையக் கொக்கியில மாட்டித் தூக்கிருவாரு. அப்ப உங்க பெட்டி எத்தனை டன்னு காட்டுதுன்னு பார்க்கலாம்."

"எழுபது கிலோ இருப்பியா?"

"அவமானப்படுத்தாதீங்க சார். எம்பத்தி ரெண்டு."

தகரக் கேபின். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, புது லேப்டாப். நெட் இல்லை. வெளியே கிரேன் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. அதன் உச்சிக் கூண்டில் ஆபரேட்டர் சம்புதா தனியாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி ஏற முழங்கால் இடம் கொடுக்காதாம். காலையில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். குரு அவரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். பழகிப்போன ஒரு இடத்தைப் பார்ப்பது போல இருந்தது.

பேக்கேஜ் அரை நிமிஷத்தில் லேப்டாப்பில் ஏறியது. ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"ஜோர் சார். இவ்வளவுதானா? இதுக்கா மூணு மாசம்?"

"இன்னும் ஓட்டலை."

புது வடத்தின் எடையை மாரியப்பன் அளந்து வைத்திருந்தான். குரு அதை அடித்தான். கட்டச் சொல்லி ஆணை கொடுத்தான். திரையில் பத்து வரி ஓடியது. பிறகு நின்றது. ஒரே ஒரு ஆங்கில வாக்கியம்.

எடை அட்டவணை கிடைக்கவில்லை, பாதையைச் சரிபார்க்கவும்.

குரு அந்த வாக்கியத்தையே பார்த்தான். அது அவன் எழுதிய வாக்கியம். ஆனால் அதை அவன் திரையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்த இடத்தில் ஹம்சினி வேறு மாதிரி எழுதியிருந்தாள். அவள் கருவி எங்கே தடுக்கினாலும் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசும். "டேபிள் எங்கடா வெச்சே?" என்று கேட்கும். கிரேன் நம்பர் போட மறந்தால் "எந்த கிரேன்னு நான் ஜோசியமா பாக்கறது?" என்று கேட்கும். வேறு ஊர்க் கிளைகளுக்கும் போகிற பேக்கேஜ், எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்றார் சுதேஷ்ணாதி. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றினான். அவன் கையாலேயே.

அதற்குப் பிறகு தினமும் வீட்டு மெஷினில் ஓட்டிப் பார்த்தான். ஓடியது. வேண்டுமென்றே தப்பாகவும் ஓட்டினான். திரை "எங்கடா வெச்சே?" என்று கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும்.

மாற்றிய வரி எப்படித் திரும்பி வந்தது என்று ஒரு நாள்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அந்த வரி வந்தது. அது போதுமாக இருந்தது.

"சார்?"

"மாரியப்பா, நான் இதை இதுவரைக்கும் ஓட்டியே பாக்கலை."

"என்ன சார் சொல்றீங்க? மூணு வாரமா ஓட்டிட்டிருக்கேன்னு மீட்டிங்ல சொன்னீங்களே?"

"ஓட்டினது பழசை. நான் ஹம்சினி ஃபோல்டருக்குள்ள நின்னுண்டே ஓட்டியிருக்கேன். பைத்தான் அது நிக்கற இடத்துலதான் முதல்ல தேடும். அங்கே கிடைச்சா வெளியில போய்ப் பாக்காது. புதுசு மெஷின்ல ஏறித்தான் இருந்தது. ஆனா ஓடினது அவளோடதுதான்."

மாரியப்பன் ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தான். குருவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். காலேஜில் முதல் வருஷப் பையன்கூடச் செய்யாத தப்பு. குரு மாதிரி ஒரு ஆள் செய்யக்கூடிய தப்பு இல்லை. குரு மாதிரி ஒரு ஆள்தான் செய்ய முடியும்.

"சரி, அந்த டேபிள் எங்க சார் இருக்கு?"

"வீட்ல. அவ மெஷின்ல. பேக்கேஜ்ல சேக்க விட்டுப் போச்சு."

"ஆபீஸ்ல காப்பி?"

"இல்லை."

மணி இரண்டு பத்து. லேக் மார்க்கெட் போய்த் திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரம். அதுவும் வழியில் கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்காமல் இருந்தால்.

"ஹோபே நா சார்," என்றான் மாரியப்பன். நடக்காது. "வீட்டில யாரு இருக்காங்க?"

*

"ஹலோ, யாரு?"

"மாமி, குரு பேசறேன்."

"என்னாச்சு? வரலையா?"

அந்தக் குரலில் இருந்தது கவலையா, வேறு ஏதாவதா, குருவுக்குப் பிடிபடவில்லை.

"பாதி வந்திருக்கு. மாமா இருக்காரா?"

"இன்னும் வரலையே. போனையும் ஆத்துலயே வெச்சுட்டுப் போயிட்டார். கையில எடுத்துண்டு போனா அது மொபைல். இவர் வெச்சிருக்கறது லேண்ட்லைன்."

"அப்போ நீங்கதான் பண்ணணும். கார்ட்லெஸ்ஸை எடுத்துண்டு ஹம்சி ரூமுக்குப் போங்கோ."

"கார்த்தாலயே பெருக்கியாச்சே."

"பெருக்கறதுக்கு இல்லை. மெஷின் முன்னால உக்காரணும்."

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுப்புலக்ஷ்மி தினம் அந்த அறையைப் பெருக்குகிறாள். மேஜையைத் துடைக்கிறாள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. விசைப் பலகையைச் சுற்றித்தான் துடைப்பாள். அதன்மேல் துணி படாது.

"மாமி?"

"உக்காந்துட்டேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "என்ன பண்ணணும்னு சீக்கிரம் சொல்லு."

மௌஸை அசைக்கச் சொன்னான். திரை எழுந்தது. மஞ்சள் நிறத்தில் டேபிள்ஸ் என்று ஒன்று இருக்கும், அதைச் சட்டென்று இரண்டு தடவை அமுக்குங்கள் என்றான். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை ஏதோ ஆகி, எல்லாம் மறைந்துவிட்டது என்றாள். மூன்றாம் தடவை திறந்தது.

"ஒரே நம்பரா இருக்கு குரு. ஒவ்வொரு வரியிலயும் மூணு மூணா."

"அதான் மாமி. முதல்ல வரி நம்பர். ரெண்டாவது, கிரேன் கை எத்தனை மீட்டர் நீண்டிருக்குங்கறது. மூணாவது, அப்போ எத்தனை டன் தூக்கலாம்னு. ஒண்ணு விடாமப் படிங்கோ. முப்பத்தெட்டு இருக்கும்."

"உங்க கம்பெனில எனக்குச் சம்பளம் போட்டுத் தருவாளா?"

"கேட்டுப் பாக்கறேன்."

"கேக்க மாட்டே. நீ வாயைத் திறந்து எதைக் கேட்டிருக்கே? எழுதிக்கோ. ஒண்ணு. அஞ்சு. இருபது. ரெண்டு. அஞ்சு புள்ளி அஞ்சு. பதினெட்டு புள்ளி நாலு."

குரு போனின் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தான். மாரியப்பன் அடித்தான். சுப்புலக்ஷ்மி சகஸ்ரநாமம் சொல்லிப் பழகியவள். ஒரு தாளத்தில் போனாள். கை நீள நீள டன் குறைந்தது. பதினெட்டு, பதினாறு, பதினாலு. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்ததற்கு மட்டும் ஒரு தரம் நிறுத்தி மறுபடி படித்தாள்.

"இருபத்தி ரெண்டு. பதினஞ்சு புள்ளி அஞ்சு. ஆறு புள்ளி நாலு." நிறுத்தினாள். "குரு, இங்க நம்பர் இல்லை. ஏதோ எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீஷ் எழுத்து. தமிழ் மாதிரி இருக்கு." ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். பள்ளிக்கூடத்துக் குழந்தை மாதிரி, தட்டுத் தடுமாறி. "இங்க... நிறுத்தினேன். அம்மா... சாப்பிடக்... கூப்பிடறா. இருபத்திமூணுலேர்ந்து... சரி பாக்கணும்."

மாரியப்பன் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"நாலு தடவை கூப்பிட்டேன் அன்னிக்கு," என்றாள் சுப்புலக்ஷ்மி. "வரலை. கோச்சுண்டேன். சாதம் ஆறி அவலாப் போச்சுன்னு கத்தினேன்."

குரு ஒரு தாளில் இருபத்திமூணு என்று எழுதி வட்டமிட்டான்.

"இருபத்திமூணு," என்றாள் அவளே. "பதினாறு. ஆறு புள்ளி ஒண்ணு. எழுதிண்டியா?"

"எழுதிண்டேன் மாமி."

முப்பத்தெட்டாவது வரி வரை குரல் பிசகவில்லை. "அவ்வளவுதான். வெச்சுடவா?" என்றாள். பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள்.

மாரியப்பன் தொண்டையைக் கனைத்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்திமூணுக்கு அப்புறம் மேடம் சரி பார்த்தாங்களா இல்லையா? மேல ஒரு மனுஷன் உக்காந்திருக்காரு."

அதைத்தான் குருவும் நினைத்துக்கொண்டிருந்தான். கிரேன் செய்தவர்கள் ஒட்டிய அட்டவணை கூண்டுக்குள் இருந்தது. மேல்பாதி அழிந்திருந்தாலும் இருபத்திமூணிலிருந்து கீழே படிக்க முடிந்தது. மாரியப்பன் வாக்கி டாக்கியை எடுத்தான். சம்புதா மேலிருந்து வங்காளியில் ஒவ்வொன்றாகப் படித்தார். மாரியப்பன் தமிழில் திருப்பிச் சொன்னான். குரு திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். பதினாறு வரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஹம்சினி சாப்பிட்டு வந்து பார்த்திருக்கிறாள். குறிப்பை எடுக்கத்தான் மறந்திருக்கிறாள்.

மூன்று இருபதுக்குக் கட்டி முடிந்தது. மூன்றே முக்காலுக்குப் பெட்டியில் ஏறியது. ஐந்து டன் சோதனைக் கட்டையை சம்புதா தூக்கினார். பெட்டி ஐந்து என்று காட்டியது.

நாலு மணிக்கு சுதேஷ்ணாதியின் போன்.

"அப்போ, ஹம்சினி மெஷின் இல்லாமலே நடந்துடுச்சு?"

குரு கேபினுக்கு வெளியே வந்து நின்றான். இல்லை, ஒரு ஃபைல் விட்டுப் போச்சு, இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று சொல்லலாம். முதல் பாதி உண்மை. பின்பாதியை யாரும் சோதிக்கப் போவதில்லை. ஒரு மாதம் அந்த மெஷின் உறுமும். ஒரு மாதம் அவன் அந்த வீட்டில் சாப்பிடலாம்.

"ஒரு அட்டவணை விட்டுப் போச்சு. சேக்கப் பத்து நிமிஷம் ஆகும்," என்றான். "மெஷின் இனிமே வேண்டாம்."

சுதேஷ்ணாதி பக்கத்தில் யாரிடமோ வண்டி கேட்டார். பிறகு, "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டி அனுப்பறேன். உனக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம்."

உள்ளே வந்தான். மாரியப்பன் மண் குவளையில் டீ நீட்டினான். நல்ல பையன்.

*

வீட்டுக்கு வந்தபோது ஆறரை. கூடத்தில் விளக்குப் போடவில்லை. சாமி விளக்கும் ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை அது. குரு கால் கழுவாமலே உள்ளே போனான்.

ஹம்சினியின் அறையில் வெளிச்சம். சுப்புலக்ஷ்மி அதே நாற்காலியில், அதே நிலையில். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. திரையில் எண்கள் இல்லை. ஹம்சினியின் கருவி ஒன்று திறந்திருந்தது. வரி வரியாக.

"மாமி, வந்தாச்சு. நல்லபடியா முடிஞ்சது. உங்களாலதான்."

"நீ சொன்ன மாதிரியே ரெண்டு ரெண்டு தடவை அமுக்கினேன்," என்றாள் திரும்பாமல். "எல்லாத்துலயும் எழுதி வெச்சிருக்கா. நடு நடுவுல. கோலத்துக்கு நடுவுல எறும்பு ஊர்ற மாதிரி."

அவை கருவியைப் பாதிக்காத வரிகள். படிக்கிறவனுக்காக எழுதுவது. ஹம்சினி அவற்றையும் தமிழில்தான் எழுதுவாள். படிக்கிறவன் குரு ஒருவன்தானே என்பாள்.

"இதைப் படி," என்றாள் சுப்புலக்ஷ்மி. விரலைத் திரையில் வைத்தாள்.

குரு படிக்கத் தேவையில்லை. அது எந்த வரி என்று அவனுக்குத் தெரியும். இன்னிக்கு மாத்திரை சாப்பிடலை, குமட்டறது. அம்மா கிட்ட சொல்லாதே.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்போ?"

"அப்பவே மாமி. எழுதின அன்னிக்கே."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இப்போது அழுவாள், அல்லது கத்துவாள் என்று குரு நின்றான். கத்தினால் நன்றாக இருக்கும். யாராவது ஒருவர் அவனைத் திட்டிப் பதினோரு மாதமாகிறது.

"நாலு மணி நேரமா இதையே பாத்துண்டு உக்காந்திருக்கேன். நீ வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கணும்னு நினைச்சேன். மாத்திரையைத் தட்டுல வெச்சுட்டு வாசல்ல நின்னுண்டே இருந்திருக்கலாமே நான். முழுங்கினாளான்னு பாக்கலையே. உன்னை என்னன்னு கேக்கறது?"

"ஒரு தடவைதான் மாமி. மறுநாள் சாப்பிட்டா."

"அதையும் எழுதியிருக்காளா?"

"இல்லை. நான் பாத்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"உங்கப்பாவை போன் பண்ணச் சொன்னது நான்தான்."

குரு நிமிர்ந்தான்.

"நான்தான் பேசினேன். பையனைக் கூப்பிட்டுக்கோங்கோன்னேன். மாமாவுக்கே அப்புறம்தான் தெரியும். நீ வேண்டாதவன்னு இல்லை குரு. தினம் நீ ஆபீஸ் விட்டு வந்ததும் இங்க உக்காந்து தட்டறே. நான் சமையல் உள்ளுல இருப்பேன். அந்தச் சத்தம் வரும். அவதான் தட்டறான்னு ஒரு நிமிஷம் தோணிடும். தினம் ஒரு நிமிஷம். அப்புறம் ஞாபகம் வரும். தினமும் புதுசா ஒரு தடவை. என்னால முடியலைடா."

ஜாதவ்பூர் காலேஜ் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் இந்த வீட்டில் வந்து தின்ற பையன் அவன். மாப்பிள்ளையான பிறகும் அவள் மரியாதைக்கு மாறவில்லை, நீ என்றேதான் சொன்னாள். டா மட்டும் இன்றைக்குத்தான்.

"எனக்குத் தெரியாது மாமி," என்றான். "சத்தம் கேக்கும்னு."

"உனக்கு எப்படித் தெரியும்? நீயும்தான் அதுக்குள்ளயே உக்காந்திருந்தே."

பிறகு கேட்டாள், "மெஷினை எப்போ எடுத்துண்டு போறா?"

"நாளைக்குக் கார்த்தால. பத்து மணிக்கு."

அவள் திரையைப் பார்த்தாள்.

"ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் காப்பி எடுத்துடறேன். சிடில போட்டுத் தரேன்."

"சிடியை நான் எதுல போட்டுப் படிக்கறது? மிக்ஸிலயா?"

வாசல் கதவு திறந்தது. பட்டாபிராமன் கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன, ஆத்துல விளக்கே இல்லை? வாத்தியார் மார்ச் பதினாலுன்னு சொல்லிட்டார், குரு. சனிக்கிழமை. லீவு போட வேண்டாம்." அறை வாசலில் நின்றார். மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"கொய்லாகாட் ரிசர்வேஷன்ல மூணு மணி நேரம் க்யூ. பதினேழாம் தேதி கோரமண்டல். லோயர் பெர்த் கிடைச்சது. உனக்குத்தான் குரு. சுப்புதான் சொன்னா, முன்னாடியே எடுத்துடுங்கோன்னு."

குரு மாமியாரைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நான் சொன்னது காலம்பற," என்றாள்.

"அப்போ இப்போ?" என்றார் பட்டாபிராமன்.

அவள் மௌஸைப் பிடித்தாள். இரண்டு தடவை அமுக்கினாள். அடுத்தது திறந்தது.

"இதோட நாலு ஃபைல் ஆச்சு. இன்னும் எத்தனை இருக்கு குரு?"

"நூத்திப் பதினேழு," என்றான் அவன்.

"நாற்காலி ஒண்ணு எடுத்துண்டு வா."

பட்டாபிராமன் டிக்கெட்டை நீட்டியபடி வாசலிலேயே நின்றார். நாற்காலி எடுக்கக் குரு அவரைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது.